"கதிர் அண்ணா, குடும்பத்தோட வந்துடுங்க"

இந்த முறை வந்த கடிதம் ஆறு பக்கம். எழுதியவர் 36 வயதுப் பெண். மேற்கு மாவட்டம் ஒன்றில், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் சொந்தமாக லேத் பட்டறை நடத்துகிறார். 12 வயதில் ஒரு மகன், கூடவே மாமியார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

2023 மே மாதம் பிஜிஎம்ஐ என்ற, போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு மீண்டும் வந்தபோது, கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகன் இவர் போனில் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். முதல் இரண்டு மாதம் சொந்தப் பெயரில், மைக்கைத் திறந்து வைத்து விளையாடியிருக்கிறார். குரல் கேட்டதும் "டேய், பொண்ணுடா" என்று ஆரம்பிக்கும். ஒருவன் நம்பர் கேட்பான், இன்னொருவன் எழுத முடியாததைப் பேசுவான். ஒரு ஆள் மூன்று வாரம் விடாமல் நட்பு அழைப்பு அனுப்பித் துரத்தியிருக்கிறான். அந்த ஐடியை அப்படியே விட்டுவிட்டு, புது ஐடியில் ஆண் உருவம் எடுத்துக்கொண்டார். பெயர் 'கதிர்'. மைக் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு ஒரு நிலையான ஸ்குவாட், அதாவது இவரோடு சேர்த்து நான்கு பேர் அணி, அமைந்தது. மூன்று இளைஞர்கள், மூன்றும் வேறு வேறு ஊர். மேப்பில் குறி வைத்தும் இரண்டு வார்த்தை தட்டச்சு செய்துமே அவர்களை வழிநடத்துகிறார். ஆட்டம் போகப்போகச் சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பான பகுதிக்கு ஜோன் என்று பெயர். "ஜோன் எங்கே சுருங்கும்னு அண்ணாவுக்குத் தெரியும்" என்று மூன்று பேரும் அவர் பின்னால் வருகிறார்கள். போன சீசனில் ஏஸ் என்ற உயர்ந்த ரேங்க் வரை ஏறிவிட்டார். மைக் இல்லாத அண்ணனுக்கு மூவரும் காசு போட்டு இயர்போன் வாங்கி அனுப்ப முகவரி கேட்டிருக்கிறார்கள். இவர் மழுப்பிவிட்டார். இப்போது அவர்களில் ஒருவருக்குத் தை மாதம் கல்யாணம். அழைப்பிதழைப் படமெடுத்து அனுப்பி, "கதிர் அண்ணா, குடும்பத்தோட வந்துடுங்க, நீங்க வராம தாலி கட்ட மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் வேறு பிரச்சினை. தினமும் எல்லோரும் படுத்தபிறகு, பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணி வரை விளையாட்டு. ஒருநாள் இரவு கணவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது திரையில் "குட்நைட் அண்ணா" என்று ஒரு செய்தி மின்னியது. யார் என்று கேட்டார். இவர் போனை அணைத்துவிட்டார். போனைக் கேட்டார், கொடுக்கவில்லை. மூன்று வாரமாகத் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. "உலக சுகாதார நிறுவனமே இதை வியாதின்னு சொல்லியாச்சு, உனக்குத்தான் புரியல" என்று மட்டும் அவர் சொல்லியிருக்கிறார்.

இவர் கேட்பது மூன்று. நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா? இரண்டரை வருடம் ஆணாக இருந்து மூன்று பிள்ளைகளை ஏமாற்றியிருக்கிறேனே, எனக்குள்ளே ஏதாவது கோளாறா? கல்யாணத்துக்குப் போவதா, அல்லது ஐடியை அழித்துவிட்டுச் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவதா?

அன்புத் தோழி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "இந்த வயசுல இப்படி ஒரு விஷயத்துக்கு உங்க நேரத்தை எடுக்கிறேன், மன்னிக்கணும்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். மன்னிக்க ஒன்றுமில்லை. மூன்று வாரமாக வீட்டில் பேச்சு நின்றிருக்கிறது, நான்கு மணி நேரத் தூக்கத்தில் வேலைக்குப் போகிறீர்கள், மனதில் ஒரு பாரத்தைச் சுமக்கிறீர்கள். இதைவிடச் சிறிய விஷயங்களுக்கே ஆட்கள் என்னிடம் வருகிறார்கள், வரவும் வேண்டும்.

அடிமை என்ற சொல்லைப் பற்றி

உங்கள் கணவர் சொன்னதில் பாதி உண்மை. உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய நோய் வகைப்பாட்டின் 11-வது பதிப்பில் 'விளையாட்டுக் கோளாறு' என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2019-ல் ஒப்புதல் பெற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வீடியோ கேம் ஆடுவதே வியாதி என்று அதில் எங்கும் இல்லை. மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில் இல்லாமல் போயிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விளையாட்டு முன்னால் வந்திருக்க வேண்டும். கெடுதல் நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தும் தொடர வேண்டும். இவை சேர்ந்து குடும்பத்தையோ வேலையையோ படிப்பையோ கணிசமாகக் குலைத்திருக்க வேண்டும். அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். கவனித்தீர்களா, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கே அதில் கிடையாது.

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மகனுக்குப் பரீட்சை நடந்த 18 நாள் விளையாட்டைத் தொடவே இல்லை. "சாயங்காலம் கை மட்டும் கொஞ்சம் துறுதுறுன்னு இருந்துச்சு, மத்தபடி ஒண்ணும் இல்ல." என் வேலையில் இந்த ஒரு வரி மிக முக்கியமானது. கட்டுப்பாடு போய்விட்ட ஒருவர் 18 நாள் இப்படி இருப்பது பொதுவாகக் கடினம். எரிச்சல் வரலாம், தூக்கம் கெடலாம், ஒளிந்து ஒளிந்து ஆடத் தோன்றலாம். கடிதத்தை வைத்து நோய் உண்டு இல்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தக் கோளாறு உங்களுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தோடு நிறுத்தினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அது நேர்மையில்லை. அதே வகைப்பாட்டில் 'ஆபத்தான விளையாட்டுப் பழக்கம்' என்று இன்னொன்றும் உண்டு. அது நோய் இல்லை. நோய் என்று சொல்லும் அளவுக்குப் போகாமலேயே உடம்பையோ மனதையோ கெடுக்கக்கூடிய பழக்கம். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். காரணம் விளையாட்டு அல்ல, தூக்கம். ஒன்றே கால் மணிக்குக் கண் மூடி, ஐந்தரைக்கு எழுந்து, கணவர் ஷட்டில் கோர்ட்டுக்குக் கிளம்புமுன் காபி போட்டு, மகனுக்கு டிபன் கட்டி, எட்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறீர்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரே பில்லுக்கு ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டை இரண்டு முறை ஏற்றிவிட்டு, மேலாளர் முன்னால் தலைகுனிந்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அதை "கவனக்குறைவு" என்கிறீர்கள். நான்கேகால் மணி நேரத் தூக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடக்கும். அதைத் தூக்கக் கடன் என்று சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது.

நேரத்தை மட்டும் வைத்து எடை போடுவது சரியாக வராது என்பதற்கு ஆராய்ச்சியும் உண்டு. 2021-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், ஆடுபவர்கள் வாயால் சொன்ன கணக்கை நம்பாமல், விளையாட்டு நிறுவனங்களிடமிருந்தே நிஜமான நேரக் கணக்கை வாங்கி 3,274 பேரிடம் பார்த்தார்கள். அதிக நேரம் ஆடியவர்கள் மனநலத்தில் மோசமாக இல்லை, சொல்லப்போனால் மிகச் சிறிய அளவில் நல்ல பக்கமே சாய்ந்திருந்தது. அந்த ஆய்வில் இருந்த இரண்டு விளையாட்டுகளும் உங்களுடையதுபோல ரேங்க் ஏறுவதற்காக இரவெல்லாம் உட்கார வைக்கும் ரகம் என்று சொல்ல முடியாது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இதைவிட உங்களுக்கு உதவக்கூடியது, கனடாவைச் சேர்ந்த ராபர்ட் வல்லராண்ட் என்ற உளவியலாளர் 2003-ல் பிரித்துக் காட்டிய ஒரு வேறுபாடு. பிடித்த ஒன்றில் ஈடுபாடு இரண்டு விதமாக இருக்கலாம் என்றார் அவர். ஒன்று, வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு சண்டை போடாமல் சேர்ந்து இருப்பது. மற்றது, ஆளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவது. ஒரே ஆளிடம், ஒரே விளையாட்டில், இரண்டும் மாறி மாறி வரும். பரீட்சை மாதத்தில் முதலாவதாக இருந்தது, சீசன் முடியும் கடைசி வாரத்தில் இரண்டாவதாக மாறுகிறது. "ரேங்க் இறங்கிடுமேன்னு மனசு அடிச்சுக்கும்" என்று எழுதியிருப்பது அந்த வாரங்களைப் பற்றித்தான், இல்லையா?

கதிர் யார்?

உங்கள் கடிதத்தில் பாரமான இடம் இதுதான். "நான் பொய்யா வாழுறேன்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் சொன்னது எல்லாவற்றையும் கடிதத்திலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டபோது அக்கவுண்ட்ஸ் என்றீர்கள். உண்மை. கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான் என்றீர்கள். உண்மை. ஒருவர் அரியர் வைத்துவிட்டு விட்டுவிடலாமா என்று இருந்தபோது, இரவு ஒரு மணி வரை தட்டச்சு செய்து செய்தே அவரைப் பரீட்சை எழுத வைத்தீர்கள். அந்த அக்கறை உண்மை. சண்டையின் நடுவே தான் விழுந்தாலும் பரவாயில்லை என்று ஓடிப்போய் விழுந்தவரை ரிவைவ் செய்து எழுப்பியதும் நீங்கள்தான். பொய் என்று இருப்பது இரண்டு: ஒரு பெயர், ஒரு மைக். அந்த இரண்டும் எதற்காக வந்தன? ஒரு பெண் குரல் கேட்டாலே அசிங்கமாகப் பேசுகிறவர்கள் இருந்த இடத்தில் நிம்மதியாக ஆடுவதற்காக. ராத்திரி தனியாக நடந்து வரும்போது அண்ணனிடம் போனில் பேசுவதுபோல் நடிக்கிற பெண்ணை ஏமாற்றுக்காரி என்று சொல்வோமா?

அதே சமயம், கேடயமாக எடுத்த ஒன்றை எப்போதும் கேடயமாக மட்டுமே வைத்திருக்க முடியாது. இரண்டரை வருடத்தில் அது நட்பாகிவிட்டது. நட்பாகிவிட்டதால்தான் உறுத்துகிறது. உறுத்தல் உங்களுக்குக் கோளாறு இருப்பதன் அறிகுறி இல்லை. அவர்களை நீங்கள் நிஜமாகவே தம்பிகளாக நினைக்கிறீர்கள் என்பதன் அறிகுறி.

இன்னொரு சந்தேகத்தை நேரடியாகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறீர்கள்: "ஆம்பளையா இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு, அது தப்பா?" ஆண்கள் பெண் உருவத்திலும் பெண்கள் ஆண் உருவத்திலும் ஆடுவது கணினி விளையாட்டுகளில் வெகு காலமாகச் சாதாரணம். அதை வைத்து ஒருவரின் பாலின அடையாளத்தைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஏங்குவது ஆணாக இருப்பதற்கு என்பதைவிட, சொன்னால் கேட்கிற ஆட்கள் இருப்பதற்கு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் உங்கள் உள்ளே இருப்பதை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஒருவேளை அதற்கும் மேல் ஏதாவது இருக்கிறது என்று பின்னால் தோன்றினாலும் பயப்பட வேண்டாம். அதுவும் நோய் இல்லை. தன் பாலின அடையாளத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. நிதானமாகப் பேசலாம்.

ஸ்டான்ஃபோர்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இருவர் 2007-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினி உலகத்தில் சிலருக்கு உயரமான உருவமும் சிலருக்குக் குள்ளமான உருவமும் கொடுத்து, பணத்தைப் பங்கு பிரிக்கப் பேரம் பேசச் சொன்னார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். அடுத்து செய்த சோதனையில், கருவியைக் கழற்றிவிட்டு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியபோதும் அந்தத் துணிச்சலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. உருவம் நம்மை மாற்றுகிறது என்பது ஒரு பக்கம். எனக்குப் பிடித்தது மறுபக்கம்: அந்தத் துணிச்சல் அந்த ஆளுக்குள் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கிருந்து வரும்?

இங்கேதான் உங்கள் அடைப்புக்குறிக்கு வருகிறேன். கதிர் என்று ஏன் வைத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களாகவே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள்: "(நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பா கதிரவன்னு பேர் எடுத்து வெச்சிருந்தாராம். மூணாவதும் பொண்ணாப் போச்சு.)" இதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லப்போவதில்லை. பத்தில் ஒன்பது முறை, பெயர் தேடும்போது மனதில் முதலில் வருவதைத்தான் வைக்கிறோம். ஆனால் ஆறு பக்கக் கடிதத்தில் நீங்கள் அடைப்புக்குறி போட்டது அந்த ஒரே இடத்தில்தான். ஒரு நாள் அதைப் பற்றி யாரிடமாவது உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வீட்டில் உங்கள் பேச்சை எப்போது கடைசியாக முழுதாகக் கேட்டார்கள், கம்பெனியில் நீங்கள் சொன்ன யோசனையை யார் பெயரில் மேலே அனுப்பினார்கள் என்பதையெல்லாம் கூடவே யோசித்துப் பாருங்கள்.

ரையன், ரிக்பி, ஷிபில்ஸ்கி என்ற மூன்று உளவியலாளர்கள் 2006-ல் ஒன்றைக் காட்டினார்கள். விளையாட்டு மனிதர்களை ஈர்ப்பது மூன்று தேவைகளை நிறைவேற்றுவதால்: நானே முடிவெடுக்கிறேன், என்னால் முடிகிறது, எனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். பத்தரை மணிக்கு மேல் இந்த மூன்றும் உங்களுக்குக் கிடைக்கின்றன. பத்தரைக்கு முன்னால் எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் நான் உங்களிடம் திருப்பிக் கேட்கும் கேள்வி. விளையாட்டைக் குறைப்பதாக இருந்தால், அந்தக் குறை பகலில் நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் குறைத்தது நிற்காது.

"நான் ஒண்ணும் கேமர் எல்லாம் இல்ல, சும்மா விளையாடறேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏஸ் வரை ஏறியவர் சொல்கிற பேச்சா இது! இது உங்களுக்கு மட்டும் உள்ள தயக்கம் இல்லை. 2015-ல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, ஆண்களிலும் பெண்களிலும் கிட்டத்தட்ட பாதிப் பேர் வீடியோ கேம் ஆடுவதாகச் சொன்னார்கள். ஆனால் தன்னைக் கேமர் என்று சொல்லிக்கொண்டது ஆண்களில் 15 சதவீதம், பெண்களில் 6 சதவீதம்தான். ஆடுவது சமம், அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடுவது சமம் இல்லை. அந்தப் பெயர் உங்களுக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். தகுதி இல்லை என்று நினைத்து விடாதீர்கள்.

முதலில் கணவரிடம்

கல்யாணத்துக்குப் போவதைப் பற்றி யோசிக்குமுன் இது முடிய வேண்டும். அவர் இடத்தில் நின்று பாருங்கள். இருட்டு அறையில் போன் வெளிச்சத்தில் உங்கள் முகம். முன்பின் தெரியாத ஒரு ஆணிடமிருந்து குட்நைட். கேட்டதும் அணைந்த திரை. செய்தியில் 'அண்ணா' என்று இருந்தது அவருக்கு இன்னும் குழப்பம், உங்களை யார் அண்ணா என்று கூப்பிடுவார்கள்? அவர் இந்த மூன்று வாரமாகக் கோபத்தைவிடப் பயத்தில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். 'அடிமை, வியாதி' என்பதெல்லாம், கேட்க வாய் வராத வேறொரு கேள்விக்குப் பதிலாக அவர் பிடித்துக்கொண்ட சொற்கள்.

"சொன்னா அவருக்குப் புரியாது" என்கிறீர்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

அவருக்கு உங்கள் போனைப் பிடுங்கிப் பார்க்கும் உரிமை இல்லை, அது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, கல்யாணம் ஆனதால் அது காணாமல் போகாது. ஆனால் சட்டத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் கேட்டுக் கொடுக்காமல், நீங்களாகவே எடுத்துக் காட்டினால் வீட்டின் நிலைமையே மாறும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமியார் தூங்கும் நேரமாகப் பாருங்கள். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மேட்ச் ஆடிக் காட்டுங்கள். விளக்கம் அப்புறம். முதலில் அவர் பார்க்கட்டும்: நூறு பேர் குதிக்கிறார்கள், உங்கள் நான்கு பேர் ஒரு வீட்டில் பதுங்குகிறார்கள், நீங்கள் மேப்பில் ஒரு மஞ்சள் குறி வைக்கிறீர்கள், மூன்று பேர் அந்தத் திசையில் ஓடுகிறார்கள். பிறகு ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். அசிங்கமாகப் பேசியவர்களைப் பற்றியும், ஏன் கதிர் என்று மாற்றினீர்கள் என்பதையும், அழைப்பிதழையும்.

இரண்டு விஷயத்தில் கவனம். அவருடைய ஷட்டிலை இழுக்காதீர்கள். தினமும் காலை ஒன்றரை மணி நேரம் அவர் ஆடப்போவதற்கு நீங்கள் எழுந்து காபி போடுகிறீர்கள், உங்கள் ஆட்டத்துக்கு 'வியாதி' என்று பெயர். அநியாயம்தான், எனக்கும் படிக்கும்போது சுருக்கென்றது. ஆனால் முதல் பேச்சில் அதை எடுத்தால் அது வக்கீல் வாதமாகிவிடும். பின்னால் அமைதியாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது, இனிமேல் ஆடவே மாட்டேன் என்று கண்ணீரோடு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு மறுபடியும் ஒளிவதில்தான் முடியும்.

அவர் ஆத்திரப்பட்டுக் கை ஓங்கக்கூடியவர் என்றால் நான் சொன்னது பொருந்தாது. அப்படி ஒரு வரியும் கடிதத்தில் இல்லை. இருந்தால் 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள், எனக்கும் மறுபடி எழுதுங்கள்.

தம்பிகளிடம்

ஐடியை அழித்துவிட்டு மறைந்துபோவது சுலபமாகத் தெரியும். ஆனால் அரியர் எழுத வைத்த அண்ணன் ஒருநாள் திடீரென்று காணாமல் போனால் அந்தப் பையன் என்ன நினைப்பான்? இறந்துவிட்டார் என்றுகூட நினைக்கலாம். மண்டபத்தில் நேரில் போய் நின்று "நான்தான் கதிர்" என்பதும் வேண்டாம். கல்யாண மாப்பிள்ளைக்கு அன்றைக்கு இருக்கும் நூறு வேலையில் இதுவும் ஒன்றாகக் கூடாது. உறவினர் கூட்டத்தில் அவரும் சங்கடப்படுவார், நீங்களும் சங்கடப்படுவீர்கள்.

கணவரிடம் பேசிய பிறகு, மாப்பிள்ளைத் தம்பியிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். தட்டச்சு செய்தால் போதும், நீளமாக வேண்டாம். இந்த மாதிரி: "தம்பி, உன்கிட்ட ஒரு விஷயம் மறைச்சிருக்கேன். நான் அண்ணன் இல்ல, அக்கா. முன்னாடி சொந்தப் பேர்ல விளையாடறப்ப ரொம்ப மோசமா பேசுனாங்க, அதனால மாத்திக்கிட்டேன். மத்தது எல்லாம் நிஜம். கோவம் வந்தா நியாயம்தான், டைம் எடுத்துக்கோ." அனுப்பிவிட்டு அன்று இரவு விளையாடாமல் இருங்கள்.

அவர் சிரித்துவிட்டு "அக்கா, வந்துடுங்க" என்று சொல்லலாம். ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம். உறவே முடிந்தும் போகலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று அவர் நினைத்தால் அது அவருடைய நியாயம், வாதாடி மாற்ற முடியாது. மற்ற இருவரிடம் சொல்வதை, இவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்தபின் முடிவு செய்யலாம். உங்களை வெளிப்படுத்துவது உங்கள் உரிமை, கட்டாயம் இல்லை. வெளியில் அறிமுகமில்லாத ஸ்குவாட்களில் கதிராகவே தொடர விரும்பினால் தொடருங்கள். அங்கே யாருக்கும் நீங்கள் எந்தக் கணக்கும் ஒப்பிக்க வேண்டியதில்லை.

சொல்வதற்கு முன்னால் சில வேலைகளை முடித்துவிடுங்கள்.

- ரேங்க் ஏற்றித் தருகிறேன் என்ற ஒருவரிடம் ஒருமுறை ஐடி, பாஸ்வேர்டு கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐடி உங்கள் ஃபேஸ்புக்கோடு இணைந்திருக்கிறது, அங்கே உங்கள் முழுப்பெயரும் மகன் படமும் இருக்கின்றன. இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிட்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள்.

- இயர்போனுக்காக வீட்டு முகவரியோ கம்பெனி முகவரியோ கொடுக்க வேண்டாம். நல்ல பிள்ளைகளாகவே இருக்கட்டும். நேரில் பார்த்துப் பழகும்வரை இந்த எச்சரிக்கை இருக்கட்டும்.

- ஸ்குவாட்டில் ஒருவர், தலைக்கு 50 ரூபாய் கட்டிப் பரிசுப் பணத்துக்கு ஆடும், தனி ஆட்கள் நடத்தும் கஸ்டம் ரூம்களுக்குக் கூப்பிடுவதாகச் சொன்னீர்கள். போகாதீர்கள், அவரையும் போகவிடாதீர்கள். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் நடத்தும் ரூமில், காசை வாங்கியவர் மறுநாள் இருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

- யாராவது மிரட்டினாலோ படம் கேட்டுத் தொந்தரவு செய்தாலோ பதில் பேசாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. பெண்ணைத் தொடர்ந்து இணையத்தில் பின்தொடர்வதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம்தான். அன்றைக்கு மூன்று வாரம் துரத்திய ஆள் விஷயத்தில், அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்திலும் பின்தொடர்வது குற்றம்தான்.

இரவு நேரத்தைப் பற்றி

ஒரு மணி நேரம்தான் ஆடுவேன் என்று கடிகாரம் வைத்தால் தோற்றுப்போவீர்கள். நடுவில் நிறுத்தினால் மூன்று பேரைக் கைவிட்ட மாதிரி ஆகும். கடைசிவரை போனால் ஒரு மேட்ச் சுமார் அரை மணி நேரம். அதனால் மணியில் கணக்கு வைக்காமல் மேட்ச்சில் வையுங்கள். இரண்டு மேட்ச், பதினொன்றுக்கு மேல் புதிதாகக் குதிப்பதில்லை. இதை ஸ்குவாட்டிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். லீடர் நீங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அவர்களுக்கும் காலையில் வேலையும் கல்லூரியும் இருக்கிறது.

தொடக்கத்தையும் முன்னால் இழுக்க வேண்டும். எல்லோரும் தூங்கிய பிறகுதான் தொடங்க முடிகிறது என்பதற்குக் காரணம் அது ஒளிவாக இருப்பது. கணவருக்குத் தெரிந்துவிட்டால் ஒன்பதரைக்கே கூடத்தில் உட்கார்ந்து ஆடலாம். பாத்திரத்தை யார் கழுவுவது என்ற பேச்சு அப்போது வரும். வரட்டும், அதுவும் நல்ல பேச்சுதான். தினமும் வந்தால்தான் பரிசு என்று வைத்திருக்கும் மிஷன்களும் ராயல் பாஸும் சீசன் முடிவும் ஆட்களை விடாமல் வரவழைப்பதற்காகவே அமைக்கப்பட்டவை. அவற்றுக்காக மட்டும் உள்ளே போகும் நாட்களை விட்டுவிடுங்கள். ஒரு மாதம் தூங்கிய நேரத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஆறரை மணி நேரத்துக்கு அதை ஏற்ற முடியாமல் போனால், அல்லது நிறுத்த நினைத்து நான்கைந்து முறை முடியாமல் போனால், அப்போது நான் மேலே சொன்னதை மாற்றிக்கொண்டு, நேரில் ஒருவரைப் பாருங்கள் என்பேன். 14416 என்ற, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

அழைப்பிதழில் முகூர்த்தம் தை கடைசியில் என்று எழுதியிருந்தீர்கள். நேரம் இருக்கிறது. இந்த ஞாயிறு கணவரிடம், அதற்கு ஒரு வாரம் கழித்துத் தம்பியிடம். போவதானால் கணவர், மகனோடு மூன்று பேரும் சேர்ந்து போங்கள், அழைப்பிதழிலும் குடும்பத்தோடு என்றுதான் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில், போன வாரம் மகன் உங்கள் போனில் ஏதோ தேடும்போது அந்த முகப்பைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க ஏஸ்ஸா?" என்று கண்ணை விரித்துக் கேட்டதாகவும், பதில் சொல்லாமல் போனை வாங்கி வைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவன் இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பான். ஆமாம் என்று சொல்லுங்கள்.